தாரை வார்க்கும் கையில் கோடுகள்



பழைய வீடியோ கேசட்டுகளை ஃபைலாக மாற்றித் தருவது என் தொழில். வேறெங்காவது மாற்றி வாங்கிய பென்டிரைவை நீட்டி, "படமெல்லாம் கோடு கோடா வருதுங்க, கேசட் வீணாப்போச்சு போல" என்று வருகிறவர்கள் நிறைய. நான் முதலில் கேட்பது, "கேசட் எங்கே?" என்பதுதான். கேசட்டை டெக்கில் போட்டு, பக்கத்திலேயே ஃபைலையும் ஓடவிட்டு ஒரே காட்சியைப் பார்க்க வேண்டும். இரண்டிலும் கோளாறு தெரிந்தால் டேப்பையோ டெக்கையோ கவனிக்க வேண்டும். ஃபைலில் மட்டும் தெரிந்தால், அது மாற்றும்போது வந்த வினை.

சென்ற ஆண்டு ஓர் அம்மா வந்திருந்தார். தொண்ணூறுகளில் நடந்த மகள் கல்யாணம். கணவர் இப்போது இல்லை. அவர் நடமாடுவதைப் பார்க்க அந்த ஒரு கேசட்தான் உண்டு. தாரை வார்க்கும் இடத்தில் படத்தை நிறுத்திப் பார்த்தேன். பின்னால் குத்துவிளக்கு துல்லியமாக இருக்கிறது. செம்பைச் சாய்க்கும் அவர் கை மட்டும் ஓரமெல்லாம் சீப்புப் பல்லாகப் பிரிந்து நிற்கிறது. விழுகிற தண்ணீரும் துண்டு துண்டாகத் தெரிகிறது. அசையாதது தெளிவு, அசைவது மட்டும் கோடு. இதைப் பார்த்ததுமே எனக்கு நிம்மதி வந்துவிட்டது. கேசட்டுக்கு ஒன்றுமில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்; இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. நம் நாட்டில் அந்தக் காலத்து வீடியோ பால் (PAL) என்ற முறையில் ஆனது. வினாடிக்கு 25 படம். ஆனால் ஒவ்வொரு படமும் இரண்டு பாதியாக வரும். முதலில் ஒன்றுவிட்ட வரிகள். விட்டுப்போன வரிகள், வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து. பழைய டிவி அந்தப் பாதிகளை வந்த வரிசையிலேயே காட்டியது, அதனால் அசைவு வழுக்கிக்கொண்டு போனது. இன்றைய கணினித் திரையும் செல்போனும் எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் காட்டுகின்றன. அந்தச் சிறு இடைவெளியில் கை நகர்ந்துவிட்டது அல்லவா? இரண்டு இடத்துக் கையும் ஒரே படத்தில் பின்னிக்கொள்கின்றன.

உங்கள் வீட்டு ஃபைலிலும் இப்படி இருந்தால், கணினியில் வி.எல்.சி. பிளேயரில் திறந்து, வீடியோ மெனுவில் டீ-இன்டர்லேஸ் என்பதை ஆன் செய்து பாருங்கள். கோடு மறைந்தால் ஃபைல் பிழைத்தது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் அதே பெயருள்ள வசதியைப் போட்டு நிரந்தரமாகவே மாற்றிக்கொள்ளலாம். மறையவில்லையென்றால், பாதிகளைப் பிரிக்காமலே படத்தின் அளவைக் குறைத்திருப்பார்கள். வரிகள் ஒன்றோடொன்று கலந்துபோயிருக்கும், பிரித்தெடுக்க வழியில்லை. கேசட்டிலிருந்து மறுபடி எடுக்கத்தான் வேண்டும்.

அந்த அம்மாவின் ஃபைலும் அப்படித்தான் இருந்தது. கேசட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார், நல்லவேளை. மறுபடி எடுத்து, ஒவ்வொரு பாதியையும் முழுப் படமாக்கி, வினாடிக்கு 50 படமாக அமைத்தேன். தண்ணீர் தாரையாக விழுந்தது. "அவருக்குக் கை இப்படித்தான் லேசா நடுங்கும்" என்றார். கோடு போட்ட ஃபைலில் அந்த நடுக்கம் தெரியவே இல்லை.

நேரம் குறைவாக இருக்கிறது, மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். அட்சதை தூவும்போது படம் சதுரம் சதுரமாக உடைகிறதா? ஃபைலைச் சுருக்கும்போது, பெரும்பாலான படங்களில் முந்தைய படத்திலிருந்து மாறியதை மட்டுமே சேமிப்பார்கள். அட்சதையில் திரை முழுவதும் மாறுகிறது. பிட்ரேட், அதாவது ஒவ்வொரு வினாடிக்கும் ஒதுக்கும் தரவின் அளவு, போதாமல் உடைகிறது. பிட்ரேட்டைக் கூட்டி, கேசட்டிலிருந்தே மறுபடி மாற்றச் சொல்லுங்கள். பழைய வி.சி.டி.யிலிருந்து எடுத்தால் பலனில்லை. அதில் இருப்பது 352க்கு 288 புள்ளிகள்தான். பெண்ணும் மாப்பிள்ளையும் பருத்துத் தெரிந்தால், நாலுக்கு மூன்று படத்தை அகலத் திரைக்கு இழுத்திருக்கிறார்கள். பிளேயரில் நாலுக்கு மூன்று என்று அமைப்பை மாற்றினால் போதும். திரையின் அடியில் நெளிகிற மெல்லிய பட்டை எல்லா வி.எச்.எஸ். டேப்பிலும் உண்டு. பழைய டிவியின் விளிம்பு அதை மறைத்திருந்தது, அவ்வளவே.

ஆகவே நேயர்களே, ஃபைல் கைக்கு வந்துவிட்டது என்று கேசட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஈரமில்லாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். கடைசிவரை வி.சி.ஆர். தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. ஓடுகிற டெக்குகள் இன்னும் இருக்கின்றன. அவை இருக்கும்போதே ஒருமுறை சரியாக மாற்றி வாங்கி, கடையை விட்டு இறங்குமுன் கை அசைகிற ஒரு காட்சியை நிறுத்திப் பாருங்கள்.