பூனைக்குட்டிக்கு ஒரு மூலை



"அடுப்பில் பூனை தூங்குகிறது" என்று சொல்வார்கள். சமைக்க ஒன்றும் இல்லாத வீடு என்று அதற்குப் பொருள். பூனை ஏன் அடுப்பில் போய்ப் படுக்கிறது? மூட்டாத அடுப்பில் மூன்று பக்கமும் மறைவு இருக்கிறது. படுக்க மெத்தென்று சாம்பல் இருக்கிறது. இன்று பல வீடுகளில் கேஸ் அடுப்பு வந்துவிட்டது. பூனைக்கு வேறு மூலை வேண்டும்.

அடுகோடியில் பல வீடுகளுக்கு ஒரே அறைதான். சமையல், படிப்பு, தூக்கம் எல்லாம் அதில்தான். பிள்ளைகள் தெருவில் கிடந்த குட்டியைத் தூக்கி வருகிறார்கள். அது இரவெல்லாம் கத்துகிறது. விடிந்ததும் வேலைக்குப் போகிறவருக்குத் தூக்கம் கெடுகிறது. கோபத்தில் குட்டியைக் கோணிப்பையில் போட்டு எங்கோ விட்டு வருகிறார். பசியால், தாகத்தால் தவிக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது குற்றம். 1960-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது.

தெருவில் குட்டியைப் பார்த்தால் உடனே தூக்க வேண்டாம். தாய்ப்பூனை இரை தேடப் போயிருக்கலாம். தள்ளி நின்று பாருங்கள். எட்டு வாரம் வரை குட்டி தாயோடு இருப்பதே நல்லது.

வீட்டுக்கு வந்த குட்டி ஏன் கத்துகிறது? நேற்று வரை தாயின் சூட்டில் படுத்தது. இன்று தனியாக இருக்கிறது. பெங்களூர் 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் உள்ள ஊர். மார்கழி இரவில் நமக்கே குளிர்கிறது. குட்டிக்குக் குளிராதா?

செய்ய வேண்டியது எளிது. ஓர் அட்டைப் பெட்டியைப் படுக்க வையுங்கள். உள்ளே பழைய சேலையை மடித்துப் போடுங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். மூடி இறுகிய பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றி, பெட்டியின் ஓர் ஓரத்தில் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள இடம் இருக்க வேண்டும். மண் தட்டைத் தள்ளி வையுங்கள். படுக்கும் இடத்தில் பூனை அசுத்தம் செய்ய விரும்பாது.

மாலையில் ஒரு கயிற்றை ஆட்டி விளையாட்டுக் காட்டுங்கள். பிறகு சோறும் மீனும் பிசைந்து வையுங்கள். விளையாடி, தின்ற குட்டி தூங்கும். பெட்டியைத் தினம் ஓர் இடத்துக்கு மாற்றாதீர்கள். தூங்கும் குட்டியை வெளியே இழுக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

பால் கொடுக்கலாமா? அடுகோடியில் 1923-ல் தொடங்கிய பால் பண்ணை நிறுவனம் உண்டு. 1927-ல் காந்தியடிகள் அங்கே வந்தார். பசும்பால் நமக்கு நல்லது. ஆனால் பல பூனைகளுக்கு அது செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும். தண்ணீரே போதும்.

ஒன்றை மறக்காதீர்கள். வெறிநோய் நாயால் மட்டும் வருவதில்லை. பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் வரலாம். காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் கால்நடை மருத்துவரிடம் தடுப்பூசி போடுங்கள்.

ஆட்டோ, கார் ஓட்டும் அண்ணன்மார்களே! குளிருக்குக் குட்டிகள் இஞ்சினுக்குள் ஒளியும். காலையில் வண்டியை எடுக்கும் முன் இரண்டு தட்டுத் தட்டுங்கள்.

ஒரு பெட்டி, ஒரு பழஞ்சேலை. செலவு ஒன்றும் இல்லை. குட்டி தூங்கினால் வீடும் தூங்கும்.