வட்டி வேண்டாம், பங்கு வாங்கலாமா?



ஆட்டை வாரத்துக்கு விடுவது தொண்டாமுத்தூர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். குட்டிகளில் இருவருக்கும் பங்கு. ஆடு செத்தால் சொந்தக்காரருக்கு முதல் போச்சு, மேய்த்தவருக்கு உழைப்பு போச்சு. இஸ்லாமிய முதலீடும் ஏறக்குறைய இதே கணக்குதான். வட்டி கூடாது, லாப நட்டத்தில் கூட்டாளியாகலாம். பேங்க் டெபாசிட்டை ஒதுக்கும் இளைஞர்கூடப் பங்குச் சந்தைக்கு வருவது இதனால்தான்.

ஆனால் எல்லாப் பங்கும் ஆகாது. வட்டிக்குக் கொடுக்கும் வங்கி, மது, புகையிலை, சூதாட்டம் எல்லாம் வெளியே. கடன் அளவு மீறிய கம்பெனியும் வெளியே. ஐ.டி.சி.யும் ஹெச்.டி.எஃப்.சி. வங்கியும் தேறாது, இன்ஃபோசிஸ் தேறும். கம்பெனி வருமானத்தில் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டியாக வந்திருந்தால், 100 ரூபாய் டிவிடெண்டில் 2 ரூபாயைத் தர்மத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். இவ்வளவு நுணுக்கமான கணக்கை 22 வயதுப் பையனுக்கு யார் சொல்லித் தருவது?

இந்தோனேசியா இதற்கு வழி கண்டது. 2011-இல் ஷரியா, அதாவது இஸ்லாமிய நெறிக்கு உட்பட்ட பங்குகளின் குறியீடு வந்தது; ஷரியா பங்குகளுக்கென்றே ஆன்லைன் வணிக முறையும் வந்தது. கல்லூரி வளாகங்களிலேயே முதலீட்டு மையங்கள் திறந்தார்கள். அங்கே மாணவர்களிடம் நடந்த ஆய்வுகள் மார்க்கப் பற்றை மட்டும் பார்க்கவில்லை. நண்பர் சொல், வீட்டார் சொல், சந்தை அறிவு, 'நம்மால் முடியும்' என்ற துணிவு எல்லாவற்றையும் சேர்த்தே எடைபோட்டன.

இந்தியாவிலும் சரக்கு இல்லாமல் இல்லை. 2009-இல் ஷரியா பீஸ் என்ற ஃபண்ட், 2010-இல் மும்பை பங்குச் சந்தையின் ஷரியா குறியீடு, 2011-இல் டாடா எத்திக்கல் ஃபண்ட். 2014-இல் எஸ்.பி.ஐ.யின் ஷரியா ஃபண்ட் மட்டும் தொடங்கும் நேரத்தில் தள்ளிப்போனது. எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை.

அந்த இடைவெளியில் புகுந்தது பெங்களூரின் ஐ.எம்.ஏ. நிறுவனம். 'ஹலால் முதலீடு' என்றார்கள். தெரிந்தவர் போட்டிருக்கிறார் என்று பலரும் போட்டார்கள். 2019 ஜூனில் அதன் தலைவர் மன்சூர் கான் போட்டவர்களைத் தவிக்கவிட்டுத் துபாய்க்குப் பறந்தார். பணம் போட்டவர்களிடம் மார்க்கப் பற்றும் தெரிந்தவர் சொல்லும் இருந்தன. வரவுசெலவைப் பார்க்கும் பழக்கம்தான் இல்லை.

கோவையில் அதைக் கற்றுத்தர ஒரு மத்தியானம் போதும். திருச்சி ரோட்டில் பங்குச் சந்தையே நடத்திய ஊர் இது! வணிகவியல் மாணவர்களிடம் நம்மூர்க் கம்பெனிகளான எல்.எம்.டபிள்யூ., எல்ஜி, பிரிக்கால் மூன்றின் ஆண்டறிக்கையையும் கொடுத்து, கடன் எவ்வளவு, வட்டி வருமானம் எவ்வளவு என்று பென்சிலால் வட்டமிடச் சொல்லலாம். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவான ஃபண்டா என்று போனிலேயே தேடவும் காட்டலாம். எந்த மதத்துப் பிள்ளைகளும் வந்து உட்காரலாம்.