அரங்க வாயிலில் ஓர் அறிவிப்பு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



'நாடகமும் நாமும்' என்பது எனக்கு அளிக்கப்பெற்ற தலைப்பு. அது கடல் போன்றது. அதன் கரையில் கிடக்கும் ஒரு சிறு சிப்பியை மட்டும் எடுத்துக்கொள்ள உங்கள் இசைவை வேண்டுகிறேன். ஒரு நாடகம் எவ்வயதினர்க்கு ஏற்றது, அதில் எத்தகைய காட்சிகள் இடம்பெறும் என்பதைப் பார்க்க வருவோர்க்கு முன்கூட்டியே சொல்ல வேண்டுமா? சொல்வதாயின், எவ்வாறு சொல்வது?

வரும் பருவத்தில் எங்கள் குழு மூன்று நாடகங்களை மேடையேற்ற இருக்கிறது. அவற்றுக்கான அறிவிப்பை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. கால் மணி நேர வேலை என்றுதான் அமர்ந்தேன். மூன்று நாள் ஆயிற்று. காரணம், என் நெஞ்சில் நெடுநாளாய்க் கிடந்த ஒரு நிகழ்ச்சி.

சில ஆண்டுகளுக்கு முன், கடனில் மூழ்கிய உழவன் ஒருவனின் கதையை நான் இயக்கினேன். இறுதிக்குச் சற்று முன் அவன் தன் உயிரை மாய்த்துக்கொள்வான். 'அனைவரும் வருக, குடும்பத்துடன் வருக' என்று துண்டறிக்கை அச்சிட்டோம். மூன்றாம் வரிசையில் ஓர் அம்மையார் பேத்தியுடன் அமர்ந்திருந்தார். அக்காட்சி வந்ததும் எழுந்தார். நடக்க இயலாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாடகம் முடிந்து கைதட்டல் ஓய்ந்தபின் அவரிடம் சென்றேன். முந்தைய ஆண்டில் அவருடைய மகன் அவ்வாறே இறந்திருக்கிறான். அருகில் நின்ற சிறுமி அவனுடைய மகள். "தம்பி, நாடகம் போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நம் கதையைத்தானே போட்டிருக்கிறீர்கள். வாசலில் ஒரு வரி எழுதியிருந்தால், அந்த நேரம் மட்டும் பிள்ளையை அழைத்துக்கொண்டு வெளியே நின்றிருப்பேன்," என்றார்.

அந்த ஒரு வரியைப் பற்றியதே இவ்வுரை.

இது மேலைநாட்டிலிருந்து அண்மையில் இறக்குமதியான வழக்கம் என்று கருதுவோர் உண்டு. அவர்கள் நம் கூத்து மேடையைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். தெருக்கூத்தில் எவரும் திடீரென வந்து குதிப்பதில்லை. கட்டியக்காரன் முன்னே வந்து, வரப்போவது யார் என்று கூறுகிறான். இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து குரலும் சலங்கையும் முதலில் கேட்கும், முடி தெரியும், பிறகே முகம். மடியில் அமர்ந்திருக்கும் குழந்தையின் அச்சம் அதற்குள் படிப்படியாகப் பழகிவிடும். துகிலுரியும் கட்டத்தில் துச்சாதன வேடமிட்டவர் ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றித் திரௌபதியம்மனிடம் பிழை பொறுக்குமாறு வேண்டிக்கொண்டு தொடரும் மரபும் உண்டு. கொடுமையைக் காட்டாமல் விடவில்லை. காட்டப்போகிறோம் என்று சொல்லிவிட்டுக் காட்டினார்கள்.

தவத்திரு சங்கரதாச சுவாமிகளின் (1867–1922) வரலாற்றில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி ஒன்றும் உண்டு. அவர் எமனாகவும் சனீசுவரனாகவும் வேடமிட்டபோது, அந்தத் தோற்றத்தைக் கண்டு அஞ்சிய பெண்களுக்கு நேர்ந்த தீங்குகளால் மனம் நொந்து நடிப்பையே துறந்தார் என்பர். ஆசிரியராக அமர்ந்து நாடகங்கள் இயற்றவும் பயிற்றவும் தொடங்கினார். எங்ஙனமாயினும், தன் கலை பார்ப்பவரின் உடலையும் உயிரையும் தொடும் என்பதைத் தமிழ் நாடக உலகின் தலைமையாசிரியரே உணர்ந்திருந்தார் என்று அந்தச் செய்தி நமக்குச் சொல்கிறது.

கிரேக்கத்தில் நிகழ்ந்ததையும் காண்போம். கி.மு. 494இல் பாரசீகர் மிலேட்டஸ் நகரை வீழ்த்தினர். அதன் மக்கள் ஏதென்சு நகரத்தார்க்கு உறவினர் போன்றோர். பிரினிக்கஸ் என்னும் கவிஞர் அவ்வீழ்ச்சியையே நாடகமாக்கினார். அரங்கம் முழுவதும் அழுதது என்றும், தங்கள் சொந்தத் துயரை நினைவூட்டிய குற்றத்துக்காக அவருக்கு 1000 டிராக்மா தண்டம் விதித்து, அந்நாடகத்தை இனி எவரும் நடிக்கலாகாது என்று தடுத்தனர் என்றும் ஹெரடோட்டஸ் எழுதுகிறார். ஆறாத புண்ணைத் தொட்ட கலைக்கு அரசு அளித்த மறுமொழி தடை. எச்சரிக்கைக்கும் தடைக்கும் உள்ள தொலைவை நாம் மறவாதிருக்க வேண்டும்.

அந்தத் தொலைவைப் பற்றியே எங்கள் குழுவின் நாடகாசிரியர் என்னிடம் வாதிட்டார். அவர் கூறிய தடைகள் இரண்டு.

முதலாவது, முடிவைச் சொல்லிவிட்டால் நாடகத்தில் என்ன எஞ்சும் என்பது. ஷேக்ஸ்பியர் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தின் தொடக்கத்திலேயே, பதினான்கு வரிகளில், காதலர் இருவரும் மாள்வர் என்று கூறிவிடுகிறார். நானூறு ஆண்டுகளாகியும் மக்கள் அதைப் பார்த்து அழுகின்றனர். ஆயினும் 2021இல் லண்டன் குளோப் அரங்கம் அதே நாடகத்துக்கு, தற்கொலைக் காட்சி உண்டு என்று முன்னறிவிப்பு வழங்கியபோது பலர் நகைத்தனர். 2024இல் நடிகர் ரால்ஃப் ஃபைன்ஸ், நாடகம் பார்ப்போர் அதிர்ச்சியடையத்தான் வேண்டும், முன்னறிவிப்புகள் தேவையில்லை என்னும் கருத்துப்படப் பேசினார். உடலைத் தாக்கவல்ல மின்வெட்டொளி போன்றவற்றை மட்டும் அவரும் விலக்காக ஏற்றார்.

அந்த விலக்கு பொருள் பொதிந்தது. விநாடிக்கு 3 முதல் 30 முறை வரை மின்னும் ஒளி, வலிப்பு நோயாளருள் ஒரு சாராரை வீழ்த்திவிடக்கூடும். அதை அறிவிப்பதை எவரும் மறுப்பதில்லை. மூன்றாம் வரிசையில் சுவரைப் பிடித்து நின்ற அம்மையாரின் உடலும் உடல்தானே என்று நாடகாசிரியரைக் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை.

இரண்டாவது தடை வலிமை மிக்கது. "இன்று நாமே 'எச்சரிக்கை' என்று எழுதினால், நாளை வேறொருவர் அதைக் காட்டித் தடை கேட்பார்," என்றார் அவர். வரலாறு அவர் பக்கம் நிற்கிறது. ஆங்கில அரசு 1876இல் நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தைக் கொணர்ந்தது. 1954இல், எம்.ஆர். ராதாவின் இராமாயண நாடகத்தை ஒட்டி எழுந்த பூசல்களின் நடுவே, நம் மாநிலமும் தனக்கென ஒரு சட்டம் இயற்றிற்று. நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் கொடுத்துக் காத்திருந்த நாட்களை இங்குள்ள மூத்த கலைஞர்கள் அறிவார்கள். எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல் சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டத்தின் முதன்மையான பிரிவுகளைச் செல்லாதவை என்று அறிவித்தது. இங்கிலாந்திலும் 1737 முதல் அரண்மனை அதிகாரி ஒருவரின் கையில் இருந்த நாடகத் தணிக்கை 1968இல்தான் ஒழிந்தது.

எனவே இவ்வேறுபாட்டைத் தெளிவாக வரையறுப்போம். தணிக்கை, நாடகத்தை மாற்றச் சொல்கிறது. வழிகாட்டல், நாடகத்தின் ஒரு சொல்லையும் மாற்றுவதில்லை. தணிக்கையில் முடிவெடுப்பவர் அதிகாரி. வழிகாட்டலில் முடிவெடுப்பவர் பார்க்க வருபவர். ஆதலால் அறிவிப்பை எழுதவேண்டியது நாடகக் குழுவே, அரசன்று.

எழுதும் முறையில் மூன்று நெறிகளை நாங்கள் வகுத்துக்கொண்டோம்.

ஒன்று, கண்ணால் காண்பதையும் காதால் கேட்பதையும் மட்டுமே கூறுதல். 'ஆபாசம்', 'அருவருப்பு' என்பன தீர்ப்புகள். 'துப்பாக்கி வெடியோசை உண்டு' என்பது செய்தி. கருத்துக்கு எச்சரிக்கை கூடாது. சாதிக் கொடுமையைச் சாடும் நாடகத்தில் இழிசொற்கள் ஒலித்தால் அதைச் சொல்லலாம்; நாடகம் சாதியைச் சாடுகிறது என்பதற்கு எச்சரிக்கை எதற்கு?

இரண்டு, வயதைப் பூட்டாகக் கருதாமல் கைகாட்டி மரமாகக் கருதுதல். திரைப்படத்துக்கு 2023இல் திருத்தப்பெற்ற சட்டப்படி 7, 13, 16 எனப் பெற்றோர் வழிகாட்டலுக்குரிய வயதுப் பிரிவுகள் வந்துள்ளன. நாடகத்துக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. அது நமக்கு நன்மையே. முகமூடியைக் கண்டு அலறும் ஐந்து வயதுக் குழந்தை, கதையில் வரும் சாவை அமைதியாகக் கேட்பதுண்டு. பதின்மூன்று வயதுச் சிறுவன் அதற்கு நேர்மாறாக இருப்பதும் உண்டு. பிள்ளையை அறிந்தவர் பெற்றோர். அவர்களுக்குச் செய்தி தருவது நம் கடன், முடிவு அவர்களுடையது.

மூன்று, முடிவை அறிய விரும்பாதவரின் உரிமையையும் காத்தல். பொது அறிவிப்பில் சுருக்கமாக ஒரு வரி. விவரம் வேண்டுவோர்க்கு நுழைவுச்சீட்டு தரும் மேசையில் தனித்தாள். கேட்பவர்க்கு மட்டும் அது தரப்பெறும்.

இனி மூன்று நாடகங்களுக்கு வருகிறேன். முதலாவது சிறுவர் நாடகம். ஐந்து வயது முதல் பார்க்கலாம். பெரிய முகமூடிகள் வரும், விளக்குகள் ஒருமுறை முற்றிலும் அணையும். இரண்டாவது, சோஃபக்ளிசின் 'ஈடிபஸ்' தமிழில். கண்ணைக் குத்திக்கொள்ளும் செயலைச் சோஃபக்ளிஸ் மேடையில் காட்டவில்லை. தூதன் வாயால் உரைக்கிறார். ஆயினும் அவ்வுரையும், பின் குருதி வழிய வரும் முகமும் கடுமையானவை. பதினான்கு வயதுக்கு மேற்பட்டோர்க்கு ஏற்றது என்று எழுதினோம்.

மூன்றாவது, அந்த உழவன் நாடகம். மீண்டும் போடுகிறோம். ஒரு காட்சியையும் வெட்டவில்லை. அதற்கு நான் எழுதியதை அப்படியே படிக்கிறேன்:

'இந்நாடகம் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோர்க்கு ஏற்றது. இதன் பிற்பகுதியில் ஒருவர் தம் உயிரைப் போக்கிக்கொள்ளும் காட்சி உண்டு. அதற்குச் சற்று முன் மேடையின் இடப்புறம் அரிக்கேன் விளக்கு ஒன்று ஏற்றப்படும். வெளியே செல்ல விரும்புவோர் அப்போது செல்லலாம். கதவருகே எங்கள் தோழர் ஒருவர் நிற்பார். காட்சி முடிந்ததும் அவரே உங்களை உள்ளே அழைத்து வருவார்.'

நாடகாசிரியர் இதைப் படித்துவிட்டு ஒரே ஒரு மாற்றம் செய்தார். 'உங்களை' என்பதற்கு முன் 'காத்திருந்து' என்னும் சொல்லைச் சேர்த்தார்.

அந்த அம்மையார்க்கு இவ்வறிவிப்பின் படி ஒன்றை அனுப்பியிருக்கிறேன். வருவாரா என்பது அவர் விருப்பம். வந்தால், கதவருகே நிற்கப்போகும் தோழர் நானே.