தண்ணீரின் மேல் நடப்பது யார்?



தண்ணீரின் மேல் நடந்த மகான்களின் கதைகளை நாம் ஏராளமாகக் கேட்டிருக்கிறோம். நடந்ததைப் பார்த்தவரைத்தான் காணோம். ஆனால் செய்யாறு பிறக்கும் இந்த ஜவ்வாது மலையில், ஓடைத் தண்ணீர் தேங்கி நிற்கும் ஒரு மடுவண்டை உட்கார்ந்தால், நீண்ட கால்களை ஊன்றித் தண்ணீர் மேல் ஓடும் பூச்சியைப் பிரத்தியட்சமாகவே பார்க்கலாம். அதற்கு மந்திரமுமில்லை, தவமுமில்லை. பின் ஏன் அது மூழ்குவதில்லை?

நம் வீட்டிலேயே சோதித்துப் பார்ப்போம். கிண்ணத்துத் தண்ணீரில் சிறு காகிதத் துண்டை மிதக்கவிட்டு, அதன்மேல் ஒரு தையல் ஊசியை வையுங்கள். காகிதம் ஊறி அமிழ்ந்துபோகும், ஊசி மிதக்கும். தண்ணீரின் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால், மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல்போல் இருக்கிறது. பூச்சியின் கால்களில் நனையாத நுண்ணிய மயிர்கள் அடர்ந்து, இடையே காற்றைத் தாங்கி நிற்கின்றன. நடுக்கால்கள் துடுப்பு, பின்கால்கள் சுக்கான், முன்கால்கள் இரை பிடிக்க. தண்ணீரில் விழுந்த ஈ துடிக்கும் சிற்றலையே அதற்குச் செய்தி.

இது மூட்டைப்பூச்சிக்கு உறவுதான். இரண்டுக்கும் குத்தி உறிஞ்சும் அலகு உண்டு. நீர்த்தேளும் இக்கூட்டமே. அதன் வாலைக் கண்டு பயந்து அடிக்கிறோம். அது கொடுக்கல்ல, மூச்சுக் குழல்! இன்னொரு வகையில், பெண் பூச்சி ஆணின் முதுகில் முட்டைகளை ஒட்டிவிடுகிறது. குஞ்சு பொரிக்கும்வரை தகப்பனே சுமந்து, மேலே வந்து அவற்றுக்குக் காற்றுக் காட்டுகிறது. பிள்ளை சுமப்பது பெண்ணுக்கே இயற்கை விதித்தது என்பவர்கள் இந்தத் தகப்பனுக்கு என்ன பதில் சொல்லுவார்கள்? பூச்சியைப் பார்த்து மனிதன் நடக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. இயற்கையின் பேரால் பொய் சொல்ல வேண்டாம் என்றுதான் சொல்லுகிறோம்.

1897-இல் சிக்கந்தராபாத்தில் ரொனால்டு ராஸ், மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டார். காய்ச்சலுக்குக் காரணம் தெய்வ கோபமல்ல என்பது அன்றே தெளிவாயிற்று. தேங்கிய நீரில் அந்தக் கொசுவின் புழுக்களைத் தின்பவை, முட்டை சுமக்கும் அந்தப் பூச்சியும், மல்லாந்து நீந்தும் அதன் உறவினனும். கூலி கேட்காத சுகாதாரச் சேவகர்கள்!

இனி அந்தக் கிண்ணத்தில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விடுங்கள். ஊசி மூழ்கிவிடும். மடுவில் சோப்பு நிறைந்தால் பூச்சிக்கும் அதே கதிதான். பூச்சிமருந்து டப்பாவை அங்கே கழுவினால் கேட்கவே வேண்டாம். ஆனால் வீட்டில் குழாயில்லாத தாய்மாரிடம் “ஓடையில் துவைக்காதே” என்று உபதேசம் செய்வது நியாயமாகுமா? ஓடையை விட்டுத் தள்ளித் துவைக்கிற கல்லும் தொட்டியும் கட்டித்தரும்படி பஞ்சாயத்தைக் கேளுங்கள்.

அற்புதம் என்று கைகூப்பி நின்றிருந்தால் காரணம் தெரிந்திராது. காரணம் தெரியாவிட்டால் காப்பாற்றும் வழியும் தெரிந்திராது. நாளைக்கே பிள்ளைகளை மடுவண்டை அழைத்துப் போங்கள். பார்க்கட்டும், கேள்வி கேட்கட்டும்.