உங்க அப்பார்ட்மென்ட்ல மண் எங்கே இருக்கு?

பசுமைக் கட்டடம், பசுமை நகரம் என்று சொன்னதும் உங்க மனசுல என்ன படம் வருது? அநேகமா ஒரு உயரமான கட்டடம், ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் செடி வழியுது. இல்லைன்னா பாலத்துத் தூண்ல சின்னச் சின்னத் தொட்டியா செருகி வெச்ச செடிகள். மொட்டைமாடியில சோலார் பேனல். எல்லாமே நிமிர்ந்து பார்க்கிற விஷயங்கள். இன்னைக்கு உங்களைக் கொஞ்சம் குனிஞ்சு பார்க்கச் சொல்லப் போறேன்.

நான் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட். வீடு, அப்பார்ட்மென்ட், பள்ளிக்கூடம் என்று கட்டடத்தைச் சுற்றியுள்ள நிலத்தை வடிவமைப்பதுதான் என் வேலை. ஒரு இடத்துக்குப் போனதும் எல்லாரும் என்கிட்ட கேட்பது, "என்ன செடி வைக்கலாம்?" நான் திருப்பிக் கேட்பது, "இங்கே மண் எங்கே இருக்கு?" பல நேரம் அதுக்குப் பதில் கிடைக்காது. காம்பவுண்டுக்குள்ள கட்டடம் போக மிச்சமெல்லாம் கார் பார்க்கிங், பேவர் பிளாக், சம்ப், செப்டிக் டேங்க். ஓரமா ஒரு வேப்பமரம், கழுத்து வரைக்கும் சிமென்ட்.

இது ஏன் பெரிய விஷயம்னு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். போன்ல கால்குலேட்டரை எடுங்க.

ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால், அது சரியாக ஒரு லிட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. எப்பவும் மழையூர்னு நாம நினைக்கிற லண்டனுக்குக் கிடைப்பது சுமார் 600 தான். இப்போ ஒரு கிரவுண்டு நிலத்தை எடுத்துக்குங்க. 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். 1,400 ஆல் பெருக்கினால் 3 லட்சத்து 12 ஆயிரம் லிட்டர்.

நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது இந்தியாவில் திட்டமிடலுக்கு வைத்திருக்கிற அளவு. நாலு பேர் குடும்பத்துக்கு வருஷம் முழுக்க 2 லட்சம் லிட்டர்கூட ஆகாது. ஆக, ஒரு கிரவுண்டில் விழுகிற மழை ஒரு குடும்பத்தின் தேவையைப் போல ஒன்றரை மடங்கு. அதே கிரவுண்டில் எட்டு வீடு கட்டினா இந்தக் கணக்கு பத்தாது, ஒத்துக்கறேன். விழுந்ததில் ஒரு பகுதி ஆவியாகவும் போயிடும். ஆனா வானம் நமக்குக் குறை வைக்கலைங்கறது மட்டும் நிச்சயம்.

சிக்கல் என்னன்னா, இந்த மழையில் பெரும்பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அதுவும் சில நாட்களில். அப்போ பிடிச்சு வெச்சாதான் மே மாசத்துக்கு இருக்கும். ஏரி பிடிச்சு வைக்கும், சதுப்புநிலம் பிடிச்சு வைக்கும். நம்ம காலடியில இருக்கிற மண்ணும் பிடிச்சு வைக்கும். அதை நாம மூடிட்டா, அந்தத் தண்ணி கேட்டைத் தாண்டித் தெருவுக்கு ஓடும். தெருவில் எல்லா வீட்டுத் தண்ணியும் ஒண்ணு சேர்ந்தா அதுக்குப் பேர் வெள்ளம்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி உங்களில் நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. மூன்றரை வருஷம் கழித்து, 2019 கோடையில், பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் கிட்டத்தட்ட வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். நாம இப்போ போட்ட கணக்குப்படி, அது எட்டு கிரவுண்டு நிலத்தில் ஒரு வருஷம் விழுகிற மழை.

2015 மாதிரி ஒரு மழையை அப்பார்ட்மென்ட் தோட்டங்கள் தாங்கிடும்னு நான் சொல்லல. அதுக்கு ஏரிகளும், பள்ளிக்கரணை மாதிரி சதுப்புநிலங்களும், ஆற்றங்கரைகளும் இடம் விட்டு இருக்கணும். ஆனா வருஷா வருஷம் வர்ற சாதாரண மழைக்கே முட்டியளவு தண்ணி நிற்குதே, அதில் நம்ம ஒவ்வொரு காம்பவுண்டுக்கும் பங்கு இருக்கு.

"அதுக்குத்தான் மழைநீர் சேகரிப்பு இருக்கே"ன்னு நீங்க கேட்கலாம். சரியான கேள்வி. 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கினார்கள். நாட்டுக்கே முன்னோடியான சட்டம். ஆனா பல இடங்களில் அது மொட்டைமாடித் தண்ணிக்கு ஒரு குழாய், கீழே ஒரு சின்னத் தொட்டி என்ற அளவில் நின்றுவிட்டது. தரையில் விழுகிற மழைக்கு வழி இல்லை. அந்தத் தொட்டியும் வண்டல் அடைச்சுக் கிடக்கும், கடைசியா எப்போ தூர்வாரினாங்கன்னு யாருக்கும் தெரியாது.

தண்ணிக்கு அடுத்து வெயில். கான்கிரீட்டும் தாரும் பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வெச்சுக்கிட்டு ராத்திரி வெளியே விடும். பத்து மணிக்கு மேலயும் சுவர் சுடுவது அதனாலதான். ஈரமான மண் அப்படி இல்லை. அதிலிருந்து தண்ணி ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கிட்டுப் போகும். மரம் இலை வழியா செய்வதும் அதே வேலைதான், கூடவே நிழலும் தருது. நாம என்ன பண்றோம்? மண்ணை மூடிட்டு ஏசி போடறோம். ஏசி உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியே தள்ளுது. அந்த வெளியில்தான் வாட்ச்மேன் அண்ணன் உட்கார்ந்திருக்கார். தெருமுனையில் இஸ்திரி போடுறவர் நிற்கிறார். நகரம் சூடாகும்போது எல்லாருக்கும் ஒரே மாதிரி சூடாவதில்லை.

சரி, இதை மாத்திக் காட்டின ஊர் உண்டா? சிங்கப்பூரைப் பார்க்கலாம். நம்ம ஆட்கள் நிறைய பேர் வாழுற ஊர். அங்கே பீஷான்–ஆங் மோ கியோ பூங்கா ஓரமா காலாங் ஆறு 2.7 கிலோமீட்டருக்கு நேர்க்கோடாக, கான்கிரீட் கால்வாயாக ஓடிக்கொண்டிருந்தது. மழைத் தண்ணீரைச் சீக்கிரமாகக் கடலுக்குத் தள்ளுவதுதான் அதன் வேலை. அந்தக் கான்கிரீட்டை உடைத்து, ஆற்றைப் பூங்காவுக்குள் வளைந்து நெளிந்து ஓடவிட்டார்கள். 2012-ல் வேலை முடிந்தபோது 3.2 கிலோமீட்டர் ஆறாக ஆகியிருந்தது. கரை சரியாமல் பிடிப்பது செடிகளின் வேர்களும் கற்களும். சாதாரண நாளில் பிள்ளைகள் ஓரத்தில் இறங்கி விளையாடலாம். பெருமழை வந்தால் பக்கத்துப் புல்வெளி ஆற்றோட சேர்ந்து நிரம்பும், பிறகு வடியும். வெள்ளத்துக்குன்னு முன்கூட்டியே ஒரு இடம் ஒதுக்கி வெச்சிருக்காங்க, அவ்வளவுதான்.

இதே எண்ணத்தைச் சீனாவில் பெரிய அளவுக்குக் கொண்டுபோனவர் கொங்ஜியன் யூ என்ற லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட். 'ஸ்பாஞ்ச் சிட்டி' என்ற சொல்லை உலகம் முழுக்கப் பேச வைத்தவர். 2025-ல் பிரேசிலில் ஒரு விமான விபத்தில் இறந்துபோனார். பாத்திரம் தேய்க்கிற பஞ்சு மாதிரி, நகரம் தண்ணியை உறிஞ்சணும், தேவைப்படும்போது விடணும் என்பதுதான் அவர் சொன்னதன் சுருக்கம். சென்னையிலும் மாநகராட்சி சில பூங்காக்களை அப்படி மாற்றியிருக்கிறது. அது அவங்க பங்கு. நம்ம காம்பவுண்டுக்குள்ள நம்ம பங்கு என்ன?

வேலையில பார்த்த ஒரு கதையைச் சொல்றேன். ஒரு அப்பார்ட்மென்ட்ல நாலு பக்கமும் பேவர் பிளாக் போடணும், வேப்பமரத்தை எடுக்கணும்னு அசோசியேஷன் மீட்டிங். என்னையும் கூப்பிட்டிருந்தாங்க. காரணங்கள் எல்லாம் நியாயமானவை. மழையில சேறாகுது. வயசானவங்க வழுக்கி விழறாங்க. கொசு வருது. இலை கார் மேல கொட்டுது. இதை எல்லாம் "உங்களுக்கு இயற்கை மேல அக்கறை இல்லை"ன்னு ஒரே வார்த்தையில ஒதுக்கிட முடியாது. விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சா யார் பார்ப்பாங்க?

அதனால வாதம் பண்ணல. பின்பக்கம் ஒரு அடிக்கு ஒரு அடி குழி தோண்டச் சொன்னேன். ஒரு பக்கெட் தண்ணி ஊத்தினோம். முதல் பக்கெட் மண்ணை நனைக்கத்தான், கணக்கில் வராது. ரெண்டாவது பக்கெட் ஊத்தி, போன்ல டைமர் போட்டோம். எதிர்த்துப் பேசின அங்கிள்தான் டைமரைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். மணற்பாங்கான இடம், தண்ணி சரசரன்னு இறங்கிடுச்சு. "அட, அப்போ இதை மூடிட்டா இவ்வளவும் தெருவுக்கா போகும்?"னு அவரே கேட்டார்.

முழு வெற்றின்னு சொல்ல மாட்டேன். முன்பக்கம் பேவர் போட்டாங்க. பின்பக்கமும் ஒரு பக்கவாட்டும் மண்ணாவே இருக்கு. மரம் நிற்குது. எனக்கு அது போதும்.

நீங்க செய்யக்கூடியதைச் சொல்றேன்.

முதல்ல மரம். தண்டைச் சுற்றி ஒரு மீட்டராவது சிமென்ட்டை உடைத்து மண்ணைத் திறந்து விடுங்க. வேருக்குத் தண்ணி மட்டும் பத்தாது, காற்றும் வேணும். 2013-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லியில் இதையே உத்தரவாகப் போட்டது. 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. வேர் விரிய இடம் இல்லாத மரம் காற்றைத் தாங்காது. புதுசா வைக்கிறதா இருந்தா புங்கை, மகிழம், பூவரசு மாதிரி பாருங்க. ஆலும் அரசும் அருமையான மரங்கள்தான், ஆனா சுவரோரத்துக்கு வேண்டாம்.

ரெண்டாவது, பார்க்கிங். காருக்கு ரெண்டு டயர் ஓடத்தான் கெட்டியான தரை வேணும். ரெண்டு பட்டையா கல் பதிச்சு நடுவுல புல்லோ ஜல்லியோ விடலாம். நடக்கிற வழியை மட்டும் சொரசொரப்பான கல்லால் போடுங்க, வயசானவங்களுக்குப் பயம் இருக்காது.

மூணாவது, பேவர் பிளாக். "இடுக்கு வழியா தண்ணி இறங்கும்"னு சொல்லி விற்பாங்க. அடியில் மணலும் ஜல்லியும் போட்டுப் பதிச்சா ஓரளவு இறங்கும். அடியில் கான்கிரீட் போட்டு மேலே பதிச்சா, அது பேவர் வேஷம் போட்ட கான்கிரீட். வேலை ஆரம்பிக்கும் முன் மேஸ்திரிகிட்ட கேளுங்க, "அடியில என்ன போடறீங்கண்ணே?"

நாலாவது, கேட். தண்ணி வெளியே ஓடுற இடத்தில் குறுக்கே ஒரு சின்ன வாய்க்கால், மேலே கம்பி மூடி, அங்கிருந்து ஒரு உறைக்கிணற்றுக்குக் குழாய். களிமண் பகுதின்னா அந்தக் களிமண் அடுக்கைத் தாண்டித் தோண்டணும், இல்லைன்னா தண்ணி இறங்காது. கார் கழுவுற தண்ணியும் சாக்கடையும் அதில் போகவே கூடாது, பிறகு அதையேதான் போர்ல இறைப்போம். ஒவ்வொரு செப்டம்பரும் தூர்வாரணும்.

கொசுவைப் பற்றி ஒரு வார்த்தை. டெங்கு கொசு முட்டையிடுவது தேங்கிய நல்ல தண்ணியில். பூந்தொட்டித் தட்டு, மூடாத சம்ப், பழைய டயர். தண்ணியை உறிஞ்சிவிடுகிற மண் அதுக்கு வசதிப்படாது.

"நான் வாடகைக்கு இருக்கேன், மீட்டிங்ல எனக்கு ஓட்டே இல்லை"ன்னு கேட்கிறவங்க நிறைய பேர் இருப்பீங்க. குழி தோண்டித் தண்ணி ஊத்திப் பார்க்க ஓட்டு தேவையில்லை. வாட்ச்மேன் அண்ணன்கிட்டயும் அசோசியேஷன்லயும் கேட்டுட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில செய்ங்க. வீடியோ எடுத்து அப்பார்ட்மென்ட் குரூப்ல போடுங்க. தெருவில் மரத்தடியைச் சிமென்ட் போட்டு மூடறாங்கன்னா, சென்னையில் 1913-க்கு போன் பண்ணிப் புகார் கொடுங்க. அடுத்த வீடு தேடும்போது, பார்க்கிங் இருக்கா, லிஃப்ட் இருக்கான்னு கேட்கிற லிஸ்ட்ல "மண் இருக்கா?" என்பதையும் சேருங்க. நாலு பேர் கேட்க ஆரம்பிச்சா பில்டர் விளம்பரத்துலேயே போடுவார்.

அக்டோபர் மழைக்கு முன்னாடி ஒரு குழி, ஒரு பக்கெட் தண்ணி. எத்தனை நிமிஷத்துல இறங்குச்சு, எந்தப் பகுதின்னு எங்களுக்கு எழுதி அனுப்புங்க. இறங்கவே இல்லைன்னாலும் அனுப்புங்க. ஏன் இறங்கலைன்னு அடுத்த எபிசோட்ல பேசலாம்.