லாடம் எறியறதும் வளரி எறியறதும்

போன எபிசோடுக்கு அப்புறம் அமெரிக்காவுல வேலை பார்க்கிற ஒரு நேயர் மெசேஜ் பண்ணியிருந்தார். அங்க அவர் பக்கத்து வீட்டுத் தாத்தா தினமும் சாயங்காலம் தோட்டத்துல குதிரை லாடத்தை எடுத்து ஒரு இரும்புக் குச்சியைப் பார்த்து எறிஞ்சுக்கிட்டே இருக்காராம். "நம்ம ஊர்ல ஏன் இப்படி ஒண்ணு இல்லை?"ன்னு கேட்டிருந்தார். நல்ல கேள்வி.

முதல் பதில் ரொம்ப எளிது. எனக்கு ஊர் பனவடலிசத்திரம், திருநெல்வேலியில இருந்து சங்கரன்கோவில் போற ரோட்டுல இருக்கு. கரிசக்காடு. அங்க லாடம்னா அது மாட்டு லாடம்தான். மாட்டுக்குக் குளம்பு பிளந்து இருக்கும் இல்லையா, அதனால ஒரு காலுக்கு ரெண்டு தகடு. ஒவ்வொண்ணும் பாதி நிலா மாதிரி, தட்டையா, மெல்லிசா. மாட்டைக் கயிறு போட்டுச் சாய்ச்சு, காலைக் கட்டி, ஆணி அடிப்பாங்க. தேஞ்சு கழண்டு விழுந்த தகட்டை எறிஞ்சா எந்தக் குச்சியிலயும் மாட்டாது. மாட்டறதுக்கு அதுக்கு வாயே கிடையாதே!

குதிரை லாடத்துக்கு வாய் இருக்கு. அந்த விளையாட்டே அந்த வாயை நம்பித்தான். ஆனா இன்னிக்குப் போட்டியில எறியற லாடத்தை எந்தக் குதிரைக்கும் மாட்ட முடியாது, அது எறியறதுக்குன்னே செய்யறது. எடை 2 பவுண்டு 10 அவுன்சைத் தாண்டக் கூடாது, நம்ம கணக்குல ஒரு கிலோ 190 கிராம். வாய் அகலம் மூணரை அங்குலத்துக்கு மேல போகக் கூடாது. குச்சியோட தடிமன் ஒரு அங்குலம். பெரியவங்க போட்டியில குச்சிக்குக் குச்சி 40 அடி. லாடம் போய் குச்சியைச் சுத்தி விழுந்தா 3 பாயிண்ட்.

இப்ப கையில பிடிச்சுப் பார்க்கிற மாதிரி கற்பனை பண்ணுங்க. ப வடிவத்துல வளைஞ்ச இரும்பு. அதோட எடை மையம் எங்க இருக்கு தெரியுமா? இரும்புல இல்லை, நடுவுல இருக்கிற வெத்திடத்துல. நீங்க பிடிக்கிற இடம் ஒண்ணு, அது சுத்தற இடம் வேற. காத்துல தட்டையா சுத்திக்கிட்டே போய், குச்சிகிட்ட சேரும்போது வாய் சரியா குச்சியைப் பார்த்து இருக்கணும். அதனால ஆட்டக்காரங்க சுத்தை எண்ணித்தான் எறிவாங்க. ஒருத்தர் ஒண்ணேகால் சுத்து, இன்னொருத்தர் ஒண்ணேமுக்கால் சுத்து. கால் சுத்து கூடினாலோ குறைஞ்சாலோ பக்கவாட்டு இரும்பு குச்சியில 'ணங்'குனு மோதித் தெறிச்சுடும்.

டிசைன் இங்கதான் உள்ள வருது. கனம் நடுவிலிருந்து தள்ளி, ஓரங்கள்ல இருந்தா, அதே மணிக்கட்டு வேகத்துக்கு லாடம் மெதுவாத்தான் சுத்தும். ஒண்ணேகால்காரருக்கு அது தோதா இருக்கலாம். இன்னும் அரைச் சுத்து தேவைப்படுற ஒண்ணேமுக்கால்காரர் கையை முறுக்க வேண்டியிருக்கும். நுனி ரெண்டுலயும் உள்பக்கமா சின்னக் கொக்கி இருக்கும். சுத்தற வேகத்துல லாடம் குச்சியை விட்டு நழுவப் பார்க்கும்போது அதுதான் பிடிச்சு இழுக்கும். இரும்பு மெதுவா இருந்தா மோதும்போது தெறிக்காது, ஆனா சீக்கிரம் நசுங்கி முள்ளு முள்ளா ஆயிடும். கெட்டி இரும்பு நாள்பட உழைக்கும், ஆனா துள்ளும். நீங்க பம்பரம் வாங்கும்போது ஆணி நடுவுல இருக்கான்னு ஒரு கண்ணை மூடிப் பார்த்திருப்பீங்க இல்லையா, அதே கவலைதான்.

சரி, நம்ம ஊர்ல? இரும்பையோ மரத்தையோ வளைச்சு, சுத்தி எறியறது நமக்கும் இருந்தது. வளரி. வளைதடின்னும் சொல்வாங்க. பிறை மாதிரி வளைஞ்சது, கெட்டியான மரத்துல செய்யறது, சிலது இரும்பு. ஒரு நுனி கனம், இன்னொரு நுனி லேசு. வெளிவிளிம்பு கூர்.

எந்தப் பக்கம் பிடிக்கிறது? லேசான நுனியை. தோளுக்கு மேல நாலஞ்சு தடவை சுழட்டி விடணும். கனமான பக்கம் கையை விட்டுத் தள்ளி இருக்கிறதால சுழட்டும்போது அதுக்குத்தான் வேகம் அதிகம். லாடத்துக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் ஒண்ணு உண்டு. லாடம் போய்ச் சேரும்போது ஒரே ஒரு கோணம்தான் சரி. வளரிக்கு அந்தக் கட்டாயம் இல்லை, சுத்திக்கிட்டே போய் எப்படிப் பட்டாலும் அடி அடிதான். அதனால சுத்தை எண்ண வேண்டாம், தூரத்துக்குப் போகலாம். கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ்னு ஒரு கும்பினி அதிகாரி, 1830ல வந்த தன் நினைவுக் குறிப்புகள்ல, தனக்கு வளரி எறியச் சொல்லிக் கொடுத்ததே சின்ன மருதுதான்னு எழுதியிருக்கார். தேர்ந்த கையில அது நூறு கஜத்துக்குள்ள குறி தப்பாதாம். நூறு கஜம்னா 91 மீட்டர். லாடம் போறது 12 மீட்டர்தான்.

அதே வெல்ஷ் 1801ல மருது சகோதரர்களை வேட்டையாடின படையிலயும் இருந்தார். அந்த வருஷம் அக்டோபர் 24ல திருப்பத்தூர்ல அவங்களைத் தூக்குல போட்டாங்க. அதோட பாளையக்காரங்க நாட்டுல ஆயுதங்களைப் பறிச்சாங்க. நூறு வருஷம் கழிச்சு, 1909ல வந்த எட்கர் தர்ஸ்டன் புத்தகத்துல புதுக்கோட்டை திவான் எழுதின ஒரு குறிப்பு இருக்கு. எறியத் தெரிஞ்ச கைகாரங்க இப்ப யாரும் இல்லை, எப்பவாவது முயல், காட்டுக்கோழி அடிக்க எடுக்கிறாங்க, மத்தபடி பூஜை அறையில கிடக்கு, ஆயுத பூஜைக்கு எடுத்துச் சுரண்டித் துடைச்சுத் திரும்ப வச்சுடறாங்கன்னு அதுல சொல்றார்.

எனக்கு அந்த வரிதான் உறுத்துது. லாடத்துக்கு எடை, வாய், குச்சியோட உயரம் வரைக்கும் விதிப்புத்தகத்துல இருக்கு, எறியறவங்களும் இருக்காங்க. நமக்கு வளரி மிஞ்சினது, எறிஞ்ச கை மிஞ்சலை. இப்ப சிலம்பம் கத்துக்குடுக்கிற சில இடங்கள்ல வளரியும் எறியக் கத்துத் தர்றாங்க. சந்தோஷம். ஆனா லேசான பலகையில ரெண்டு நுனியும் ஒரே கனமா வெட்டினா, அது வேற பொருள், வேற வீச்சு. "எறிஞ்சா திரும்பி வரும்"னு சொல்றதையும் கொஞ்சம் நிறுத்தலாம். ஒரு நுனி கனமான, குறியில போய் அடிக்கிற ஆயுதம் எதுக்குத் திரும்பி வரணும்?

உங்க தாத்தா வீட்டுல, இல்லை தெரிஞ்சவங்க வீட்டுல ஆயுத பூஜைக்கு எடுக்கிற பழைய வளரி இருந்தா எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. வெறும் போட்டோ போதாது. தராசுல வச்சு எடை பாருங்க. அப்புறம் ஒரு நூல்ல கட்டித் தொங்க விட்டு, எந்த இடத்துல கட்டினா ரெண்டு பக்கமும் சமமா நிக்குதுன்னு பார்த்து, லேசான நுனியில இருந்து அது எத்தனை விரற்கடைன்னு எழுதி அனுப்புங்க. கூர் இருக்கும், பார்த்து எடுங்க.