நஞ்சை நஞ்சென்றே சொல்லுக!
(கெடாரில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



நெல்லும் கரும்பும் வேர்க்கடலையும் விளையும் இக் கெடார் வட்டாரத்தில், பயிரில் பூச்சி கண்டால் 'மருந்தடிக்க வேண்டும்' என்பதே வழக்கு. நோய் தீர்ப்பது மருந்து. உயிர் கொல்வது நஞ்சு. மருந்தென்னும் பெயரை நம்பியன்றோ வெறுங்கையால் கலக்குகின்றனர்; காற்றுக்கு எதிர்முகமாய் நின்று தெளிக்கின்றனர்! சொற்பிழை உயிர்ப்பிழையாய் முடிகின்றது.

1958-இல் பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி கலந்துவிட்ட உணவை உண்டு, கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரே 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டமும், 1971-இல் அதற்குரிய நெறிமுறைகளும் வந்தன. கலத்தின் மேலொட்டிய சீட்டு, விற்கும் நிலப்பகுதியின் மொழியிலும் இருத்தல் வேண்டும் என்பது அந் நெறிமுறை. ஆனால், ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் பெயர்த்து வைத்தால் அது தமிழாகுமா? உழவர்க்கு விளங்குமா?

அறிவியல் சொற்களைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ஆய்வெலிகளுள் பாதியைக் கொல்லும் அளவு 'அரைக்கொல்லளவு'. உடலெடை ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என அதனைக் கணக்கிடுவர். எண் சிறுத்தால் நஞ்சு பெருத்தது என்பதே பொருள். உட்கொள்ளும் அளவில் 50 வரை சிவப்பு. 51 முதல் 500 வரை மஞ்சள். 501 முதல் 5000 வரை நீலம். அதற்கு மேல் பச்சை. பச்சையும் நஞ்சே, பாலன்று!

இவ் வண்ணங்கள் உடனே கொல்லும் 'கடுநஞ்சை' மட்டுமே அளப்பன. சிறுகச் சிறுகச் சேர்ந்து கெடுக்கும் 'நாட்பட்ட நஞ்சை' அவை காட்டா. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஆண்டுக்கணக்கில் வானிலிருந்து தெளிக்கப்பட்ட எண்டோசல்பானை, உச்ச நயன்மன்றம் 2011-இல்தான் தடுத்தது.

தெளித்த நஞ்சு பாதியாய்க் குறையும் காலம் 'அரைவாழ்வு'. அது 20 நாளெனின், 40 நாளில் நஞ்சு முற்றும் நீங்கிவிடாது; கால்பங்கு நிற்கும். 60 நாளில் அரைக்கால் நிற்கும். விளைபொருளில் தங்குவது 'எச்சம்'; அதற்கு விதித்த மேலெல்லை 'எச்சவரம்பு'. கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விடவேண்டிய நாள்கள் 'காத்திருப்புக் காலம்'. விலை ஏறிற்றென்று அதற்கு முன்பே காய் பறித்தால், எச்சம் உண்பவர் வயிற்றுக்குப் போகும். உண்பவருள் உழவரின் பிள்ளையும் உண்டு!

இச் சொற்களுள் எது கடினம்? அரையும் காலும் கொல்லும் எச்சமும் களத்துமேட்டுச் சொற்களல்லவா? தமிழில் அறிவியல் வாராது என்பார்க்கு, உழவரின் வாய்மொழியே விடை.

ஆதலின், கடைக்காரரிடம் கேளுங்கள்: இதன் வண்ணம் என்ன? காத்திருப்புக் காலம் எத்தனை நாள்? நஞ்சுமுறி எது? தமிழில் விடை சொல்லாச் சீட்டைத் திருப்பிக் கொடுங்கள். 'மருந்து' என்னும் பொய்ப்பெயரை இன்றே விடுங்கள். பூச்சிக்கொல்லி என்றே சொல்லுங்கள். நஞ்சென்றே பிள்ளைகட்குக் காட்டுங்கள். தாய்மொழியில் எழுதிய எச்சரிக்கையே உயிர் காக்கும் எச்சரிக்கை!